மூன்றரை வருடம், 6,800 கிலோமீட்டர்: என் மவுண்டன் பைக்குக்கு மாற்றிய சக்கரங்கள்

பின்சக்கரத்தில் முதல் கம்பி அறுந்தது 2020 டிசம்பரில். பேரூரைத் தாண்டி நொய்யல் கரை மண்பாதையில் போய்க்கொண்டிருந்தேன். டங்கென்று ஒரு சத்தம். பத்தடி போவதற்குள் சக்கரம் ஆட ஆரம்பித்துவிட்டது. செயின் பக்கத்துக் கம்பி, சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்புக்குள் வளைந்து நுழையும் கழுத்தில், கத்தரித்தது போல முறிந்திருந்தது. மாற்றினேன். மூன்று வாரத்தில் இன்னொன்று. ஜனவரி முடிவதற்குள் மொத்தம் நான்கு. நான்காவதை மாற்றும்போது ரிம்மை நன்றாகத் துடைத்துப் பார்த்தேன். கம்பியை ரிம்மோடு பிடித்திருக்கும் நிப்பிள்களில் இரண்டின் துளைகளைச் சுற்றி மயிரிழை போல விரிசல் ஓடியிருந்தது. இனி ஒட்டுப்போட்டு ஓட்டுவதில் அர்த்தமில்லை என்று தெரிந்துவிட்டது.

வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 29 இஞ்ச் அலுமினிய ஹார்ட்டெயில், அதாவது முன்னால் மட்டும் சஸ்பென்ஷன், பின்னால் 9 கியர், டிஸ்க் பிரேக். என் எடை 84 கிலோ. வாரநாட்களில் கோவையைச் சுற்றிக் குளத்துக்கரைகளும் மருதமலை அடிவாரத்து மண்சாலைகளும். மாதத்தில் ஒன்றிரண்டு ஞாயிறு கோத்தகிரி பக்கம், அனுமதி கேட்டுக்கொண்டு தேயிலைத் தோட்டத்துப் பாதைகள். (மருதமலைப் பக்கம் யானை நடமாட்டம் உண்டு. நன்றாக விடிந்த பிறகுதான் கிளம்புவேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள்.)

கம்பி ஏன் வரிசையாக அறுகிறது என்பதைப் புரிந்துகொள்ளவே எனக்கு ஒரு மாதம் ஆனது. பள்ளத்தில் இறங்குவதால் அறுகிறது என்றுதான் நினைத்திருந்தேன். அப்படியில்லை. சக்கரம் உருளும்போது தரையைத் தொடும் இடத்துக் கம்பிகளின் இழுவிசை குறைந்து, மேலே போனதும் பழையபடி ஏறும். 29 இஞ்ச் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 435 சுற்று சுற்றுகிறது. அத்தனை முறையும் ஒவ்வொரு கம்பியும் தளர்ந்து இறுகுகிறது. முதலிலேயே போதிய இறுக்கத்தில் இருக்கும் கம்பிக்கு இது ஒன்றும் செய்யாது. தொளதொளவென்று விட்ட கம்பியோ ஒவ்வொரு சுற்றிலும் கழுத்தில் அசைந்து அசைந்து உலோகம் களைத்துப்போய் ஒருநாள் அறுகிறது. என் பழைய சக்கரத்தில் ஒரு கம்பி வீணைத் தந்தி போலவும், அதற்கு அடுத்தது துணிக்கொடி போலவும் இருந்தது. எடுத்த எடுப்பிலேயே சரியாக இறுக்காமல் வந்த சக்கரம் அது. இரண்டு வருடம் தாங்கியதே பெரிது.

சரி, புதுசு வாங்கலாம் என்று தேடியபோது ஏறக்குறைய ஏமாந்திருப்பேன். நல்ல நிலையில் ஒரு செட், பாதி விலைக்கு வந்தது. 29 இஞ்ச் என்றதும் பணம் அனுப்பக் கையைக் கொண்டுபோய்விட்டேன். கடைசி நேரத்தில் ஆக்சில் அளவைக் கேட்டேன்: முன்னால் 15×110, பின்னால் 12×148. அதாவது பூஸ்ட் என்கிற புதிய அகல அளவு. என் வண்டியோ நெம்புகோலை மடக்கி இறுக்கும் பழைய குவிக் ரிலீஸ். முன்னால் 100 மி.மீ., பின்னால் 135. 148 அகல ஹப்பை 135 அகல ஃப்ரேமில் நுழைக்க எந்த அடாப்டரும் உதவாது. ஒல்லியான ஹப்பை அகலமான ஃப்ரேமுக்கு ஏற்றத் துண்டு வைக்கலாம். அகலமானதைச் செதுக்க முடியாது.

அதனால் யாராவது சக்கரம் மாற்றப்போகிறேன் என்று சொன்னால், வண்டியைக் கவிழ்த்துப் போட்டு அளந்துவிட்டு வாருங்கள் என்பேன். பின்ஃபோர்க்கின் உட்பக்க அகலம் 135-ஆ, 142-ஆ, 148-ஆ? குவிக் ரிலீஸா, தடித்த தண்டை ஊடே திருகும் த்ரூ ஆக்சிலா? ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் டயரின் பக்கவாட்டிலேயே அச்சிட்டிருக்கும்: 29 இஞ்ச் என்றால் 622 மி.மீ., 27.5 என்றால் 584, பழைய 26 என்றால் 559. ரோட் பைக்கின் 700சி-யும் அதே 622 தான். நம் ஊர் 28 இஞ்ச் பெரிய சைக்கிளின் ரிம் 635. பெயரில் சிறியது, அளவில் பெரியது! ஆகவே பெயரை நம்பாமல் எண்ணைப் பாருங்கள்.

அடுத்தது ஃப்ரீஹப். பின் பல்சக்கர அடுக்கான கேசட் செருகும் அந்த உருளையில் மூன்று வகை புழக்கத்தில் இருக்கிறது. ஷிமானோவின் பழைய எச்ஜி, 2018-இல் வந்த 12 ஸ்பீடுக்கான மைக்ரோ ஸ்ப்லைன், இன்னொரு நிறுவனமான ஸ்ராமின் எக்ஸ்டி. ஒன்றின் கேசட் மற்றொன்றில் ஏறாது. நான் எச்ஜி-யிலேயே நின்றேன். 9 ஸ்பீடில் இருந்து பிறகு 10 ஸ்பீடுக்குப் போனபோது ஹப்பைத் தொட வேண்டியிருக்கவில்லை. நாளைக்கே 12 ஸ்பீட் ஆசை வந்தாலும் ஸ்ராம் என்எக்ஸ் ஈகிளின் 11-50 கேசட் இதிலேயே ஏறும்.

அப்புறம் ரெடிமேட் செட்டா, கட்டி வாங்குவதா என்ற கேள்வி. குறைந்த எடை ரெடிமேட் செட் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். 24 கம்பி, கழுத்து வளையாமல் நேராக இழுக்கும் வகை, அலுமினிய நிப்பிள். தூக்கினால் பஞ்சு மாதிரி இருந்தது, ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கம்பி ஒன்று அறுந்தால் கோவையில் எங்கே கிடைக்கும் என்று கேட்டதற்குக் கடையிலேயே பதில் இல்லை. ஆர்டர் போட்டு, வந்து சேரும்வரை வண்டி சுவரோரம் நிற்கும். அந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் மற்ற எல்லாவற்றையும் முடிவு செய்தேன்: இது கெட்டால் என் ஊரில், என் கையால், ஒரு நாளில் சரிசெய்ய முடியுமா?

ஹப் விஷயத்தில் இதே கேள்வி, பலரும் சொன்னதற்கு நேர்மாறான பதிலைத் தந்தது. சீல்டு பேரிங் ஹப் நல்லது, கூம்பு வடிவ நட்டான கோனும் பால்ஸும் வைத்த ஹப் பழசு என்று பலரும் சொன்னார்கள். சீல்டு பேரிங்குக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. மோட்டார் பம்ப் செய்யும் ஊர், 6902 என்று எண்ணைச் சொன்னால் பேரிங் கடையில் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் பழைய பேரிங்கை ஹப்புக்குச் சேதமில்லாமல் தட்டி எடுக்கவும் புதியதைக் கோணாமல் அழுத்தி ஏற்றவும் அதற்கான கருவி வேண்டும். கோன் ஹப்புக்கு இரண்டு ஒல்லி ஸ்பானரும் ஒரு டப்பா கிரீஸும் போதும். மேட்டுப்பாளையம் சாலையோரம் பஞ்சர் ஒட்டுகிற கடைக்காரருக்கும் அதன் நெளிவு சுளிவு தெரியும், அவர் வாழ்நாள் முழுக்க பிரித்து மாட்டியது அதைத்தான். அதனால் ஷிமானோ டியோர் எம்6000 ஹப், முன்னும் பின்னும் 32 துளை. இன்றுவரை அந்த முடிவில் வருத்தமில்லை.

கம்பிகள் டிடி ஸ்விஸ் காம்படிஷன்: இரண்டு முனையிலும் 2.0 மி.மீ., நடுவில் 1.8. நடுவில் ஒல்லியாக இருப்பதால் அங்கே கொஞ்சம் நெகிழ்ந்துகொடுத்து, கழுத்துக்குப் போகும் அதிர்ச்சியைக் குறைக்கும். வலுவான கம்பி வேண்டுமென்று முழுக்கத் தடிமனாகக் கேட்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நிப்பிள் பித்தளை. அலுமினிய நிப்பிளில் மிச்சமாகும் சில கிராமுக்காக, மழையிலும், பஞ்சரை அடைக்க டயருக்குள் ஊற்றும் சீலன்ட்டிலும் அது அரித்துப்போவதைத் தாங்கிக்கொள்ள எனக்கு மனமில்லை. ரிம் உள்ளகலம் 25 மி.மீ., ட்யூப்லெஸ் வகை. எல்லாம் சேர்த்து, கூலியுடன் 21,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். இரண்டு சக்கரமும் சேர்ந்து எடை 2,100 கிராமுக்குப் பக்கம்.

கட்டிக்கொடுத்தவர் ஐம்பதைத் தாண்டிய ஒரு மெக்கானிக் அண்ணன். அரைநாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். முதலில் கம்பிகளை மூன்று குறுக்காகப் பின்னினார். ஒவ்வொரு கம்பியும் எதிர்க் கம்பிகள் மூன்றைக் கடந்து ரிம்முக்குப் போக வேண்டும். வலப்பக்கம் 291 மி.மீ., இடப்பக்கம் 293. கேசட்டுக்கு இடம் விடுவதற்காக வலப்பக்கக் கம்பிகள் செங்குத்தாக நிற்கின்றன, அதனால் அந்தப் பக்கத்து இறுக்கமும் அதிகம். மீட்டரை வைத்து 110, 115 கிலோ என்று காட்டினார். பிறகு மீட்டரை ஓரமாக வைத்துவிட்டு, விரல் நகத்தால் ஒவ்வொன்றாகச் சுண்டினார்.

“இது ஊமையா இருக்குது பாருங்க தம்பி” என்று ஒன்றைக் காட்டினார். நிப்பிளைக் கால் திருப்பு திருப்பினார். மறுபடி சுண்டினார். பக்கத்துக் கம்பியின் சுருதியோடு சேர்ந்தது.

அடுத்து அவர் செய்ததைத்தான் என் பழைய சக்கரத்துக்கு யாரும் செய்திருக்கவில்லை. தோல் கையுறை போட்டுக்கொண்டு, இணையாக ஓடும் கம்பிகளை இரண்டிரண்டாகப் பிடித்து, முழு பலத்தோடு அழுத்திக்கொண்டே சுற்றி வந்தார். டிக், டிக் என்று சத்தம் வந்தது. முறுக்கிக்கொண்டிருந்த கம்பிகள் விடுபடுகிற சத்தம் அது. கழுத்து ஹப்போடு படிந்து உட்காருவதும் அப்போதுதான். அழுத்திய பிறகு சக்கரம் மறுபடி கொஞ்சம் கோணியது. கோட்டம் எடுத்தார். மறுபடி அழுத்தினார். மூன்று தடவை. நான்காவது தடவை அழுத்தியபோது சத்தமே இல்லை. “இனி போங்க” என்றார்.

முதல் 200 கிலோமீட்டர் முடிந்ததும் சரிபார்க்கக் கொண்டுபோனேன். பின்சக்கரத்தில் இரண்டு நிப்பிள் அரைத் திருப்பு, அவ்வளவுதான். அதற்குப் பிறகு முன்சக்கரத்தில் ஸ்போக் கீ பட்டதே இல்லை. பின்சக்கரத்துக்கு மூன்றரை வருடத்தில் இரண்டு முறை லேசாகப் பெண்டு எடுத்தேன். களைத்து அறுந்த கம்பி ஒன்றுகூட இல்லை. அறுந்தது ஒரே ஒன்று: கோத்தகிரியில் கவாத்து வெட்டிப் போட்டிருந்த தேயிலைக் குச்சி சக்கரத்துக்குள் புகுந்து இடப்பக்கக் கம்பி ஒன்றை உடைத்தது. உடைந்ததைப் பக்கத்துக் கம்பியோடு கட்டிவிட்டு, அக்கம்பக்கத்து இரண்டை அரைத் திருப்பு தளர்த்தி, மெதுவாக மேட்டுப்பாளையம் வரை இறங்கிவிட்டேன். 24 கம்பிச் சக்கரமாக இருந்தால் அந்த மலையிறக்கத்துக்குத் துணிந்திருக்க மாட்டேன். ஒன்றைச் சொல்ல வேண்டும்: சாதாரண சைக்கிள் கடையில் இந்த நீளக் கம்பி கிடைக்காது. சக்கரம் கட்டும்போதே நீளத்துக்கு மூன்றாக ஆறு கம்பி கூடுதலாக வாங்கி வைத்திருந்ததால் மறுநாளே வண்டி தயார்.

ஓட்டத்தில் உணர்ந்த பெரிய வித்தியாசம் எடையால் வந்ததில்லை, ரிம்மின் அகலத்தால் வந்தது. பழைய ரிம் உள்ளகலம் 19. அதில் 2.25 டயர் பல்பு மாதிரி உப்பி நிற்கும், காற்றைக் குறைத்தால் திருப்பத்தில் பக்கவாட்டில் மடங்கும். 25-இல் அதே டயர் கால் பரப்பி உட்காருகிறது. ட்யூப் இருந்த காலத்தில் 38 பிஎஸ்ஐ வைத்திருந்தேன். இப்போது முன்னால் 23, பின்னால் 26. ஈரமான வேர், உருண்டைக் கல் எதிலும் பிடி விடுவதில்லை. இறங்கி வந்த பிறகு மணிக்கட்டு வலிப்பதும் நின்றுவிட்டது.

ட்யூப்லெஸ் ஆக்குவதில் முதலில் நானே தவறு செய்தேன். உள்ளகலம் 25 என்பதால், நிப்பிள் துளைகளை மூட 25 மி.மீ. டேப்பே வாங்கினேன். ராத்திரி காற்றடித்தால் காலையில் பாதி. சோப்புத்தண்ணீர் தடவிப் பார்த்ததில் நிப்பிள் துளை வழியாக நுரை கிளம்பியது. டேப்பின் ஓரத்தில் காற்று புகுந்திருக்கிறது. 29 மி.மீ. டேப் போட்டு ஓரம் வரை ஏற்றி ஒட்டியதும் நின்றது. சீமைக்கருவேல முள்ளுக்குச் சீலன்ட் தெய்வம் மாதிரி. ஒரு கோடையில் டயரைக் கழற்றியபோது உள்ளே பதினோரு முள்முனைகள் எண்ணினேன், ஒன்றில்கூட நான் நின்றதில்லை. ஆனால் நம் வெயிலில் அது சீக்கிரம் காய்ந்துவிடும். மார்ச் முதல் ஜூன் வரை ஆறு வாரத்துக்கு ஒருமுறை குச்சி விட்டுப் பார்த்து ஊற்றுகிறேன்.

ஹப் பராமரிப்பு வருடத்துக்கு இரண்டு தடவை: தென்மேற்குப் பருவம் முடிந்ததும், வடகிழக்கு முடிந்ததும். கோத்தகிரியில் இரண்டாவதுதான் பலமான மழை. பிரித்தால் பழைய கிரீஸ் தேயிலை மண்ணோடு சேர்ந்து காப்பித்தூள் நிறத்தில் இருக்கும். மண்ணெண்ணெயில் கழுவி, பின்பக்கம் பக்கத்துக்கு ஒன்பது கால் இஞ்ச் பால்ஸ் புதிதாக வைத்து, கோனை இறுக்கும்போது ஒரு மயிரிழை ஆட்டம் விடுவேன். குவிக் ரிலீஸை மூடினால் அந்த ஆட்டம் மறைய வேண்டும். இது பிடிபட எனக்கு மூன்று முயற்சி ஆனது.

குறைகளும் உண்டு. இந்த ஹப், டிஸ்க் பிரேக்கின் தட்டான ரோட்டரை நடுவில் ஒரே வளையத்தால் பூட்டும் சென்டர்லாக் வகை. என் ரோட்டர்கள் ஆறு போல்ட். இரண்டு அடாப்டர் வாங்கி, ரோட்டரைக் கவ்வும் காலிப்பரை மறுபடி சரிசெய்ய வேண்டி வந்தது. கணக்கில் சேர்க்காத செலவு. ஃப்ரீஹப் பிடிப்பும் அவ்வளவு வேகமில்லை. கல் நிறைந்த ஏற்றத்தில் பெடலைப் பாதி விட்டுப் பிடிக்கும்போது ஒரு கணம் வெறுமனே சுற்றிப் பிறகுதான் கடிக்கும். அந்த மாதிரி ஏற்றமே உங்கள் ஓட்டமென்றால், பல் அதிகமுள்ள ராட்செட் வைத்த ஹப்புக்குக் கூடுதல் பணம் கொடுப்பது நியாயம்தான். முக்கியமான குறை, 135 அளவு. அடுத்து வாங்கும் வண்டி எதுவானாலும் இந்தப் பின்சக்கரம் அதற்குப் போகாது. இந்த ஃப்ரேமை இன்னும் ஐந்து வருடம் வைத்திருப்பேன் என்று உறுதியாகத் தெரிந்ததால்தான் துணிந்தேன். வருடத்துக்குள் வண்டி மாற்றும் எண்ணம் இருப்பவர் இவ்வளவு செலவழிக்க வேண்டாம், ஒரு சாதாரணப் பின்சக்கரம் மட்டும் கட்டிக்கொண்டால் போதும்.

போன மாதம் ஹப்பைப் பிரித்தபோது பின் வலப்பக்கக் கோனில் பால்ஸ் ஓடும் தடத்தில் ஊசி குத்தியது போல இரண்டு புள்ளிகள் தெரிந்தன. சென்ற மழையில் ஓடைக்குள் இறங்கி ஓட்டிவிட்டு ஒரு மாதம் பிரிக்காமல் விட்டது என் தவறு. ஹப்புக்குள் பால்ஸ் உட்காரும் கிண்ணத்தை விரலால் தடவிப் பார்த்தேன், அது வழவழப்பாகவே இருக்கிறது. கோன் மட்டும் தனியாகக் கிடைக்கிறது, சொல்லி வைத்திருக்கிறேன். வந்ததும் மாற்றிவிட்டு, பின் ரிம்மையும் ஒருமுறை ஸ்டாண்டில் ஏற்றிச் சுண்டிப் பார்க்க வேண்டும்.