கேங் ஆஃப் ஃபோரா, ஐடில்ஸா?

சமூகத்தைப் பேசும் பிரிட்டிஷ் போஸ்ட்-பங்க் (பங்க் ராக்குக்குப் பின் வந்த ராக் வகை) ஆல்பம் ஒன்றே ஒன்று கேட்பதென்றால், என் ஓட்டு லீட்ஸ் நகரத்து இசைக்குழு கேங் ஆஃப் ஃபோரின் 'என்டர்டெயின்மென்ட்!' (1979) பக்கம்தான். ஆண்டி கில்லின் கிட்டார் வெட்டி வெட்டி வரும், திடீரென்று நின்றுவிடும், அந்த இடைவெளியில் பேஸும் டிரம்ஸும் நம்மை ஆட வைக்கும். ஆடிக்கொண்டிருக்கும்போதுதான் உறைக்கும், 'ஈதர்' பாட்டு வட அயர்லாந்துச் சிறைக் கைதிகளைப் பற்றியது என்று. இன்னொரு பாட்டில் ஒரு சொல்லை மாற்றச் சொன்னதற்காக 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' டிவி வாய்ப்பையே உதறியவர்கள்.

பிரிஸ்டல் நகரத்துக் குழு ஐடில்ஸ் 2018இல் போட்ட 'ஜாய் ஆஸ் ஆன் ஆக்ட் ஆஃப் ரெசிஸ்டன்ஸ்' வேறு ரகம். அலசல் குறைவு, நெஞ்சிலிருந்து நேராகக் கத்தல்: குடியேறிகளுக்கு ஒரு பாட்டு, ஆம்பிளை அழக்கூடாது என்பதற்கு எதிராக ஒரு பாட்டு, அப்புறம் இறந்து பிறந்த தன் மகளுக்காகப் பாடகர் ஜோ டால்பட் பாடும் 'ஜூன்'. அதை என்னால் இன்னும் முழுசாகத் தாங்க முடியவில்லை. மனசு நொந்திருந்தால் முதலில் இந்த ஆல்பத்தைப் போடுங்கள்.