சில்லிக்கு எது? மாட்டிறைச்சி, சோயா மீற், கௌப்பி

சில்லி என்பது மிளகாய்க் குழம்பில் இறைச்சியை மெல்ல அவித்துச் செய்யும் அமெரிக்க உணவு. இறைச்சியில்லாத மரக்கறிச் சில்லி வைத்தவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: "கௌப்பிக் கறி மாதிரி வந்திட்டுது." இறைச்சியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறொரு துண்டைப் போட்டால் அப்படித்தான் வரும். சட்டிக்குள் இறைச்சி மூன்று வேலை பார்க்கிறது. அதன் கொழுப்பு மிளகாயின் நிறத்தையும் உறைப்பையும் குழம்பு முழுக்கப் பரப்புகிறது. சவ்வு கரைந்து குழம்பைத் தடிப்பாக்குகிறது. தாச்சியில் சிவந்த மேற்பக்கம் வாசம் தருகிறது. இந்த மூன்றுக்கும் ஈடு வைத்தால்தான் மரக்கறிச் சில்லி தேறும்.

மிளகாய்க் கூட்டு, எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்

ஆறு பேருக்கு: செத்தல் மிளகாய் 10, சின்னச்சீரகம் 2 தேக்கரண்டி, பெரிய வெங்காயம் 2, உள்ளி 8 பல்லு, தக்காளி 400 கிராம், கற்பூரவள்ளி இலை 3.

அமெரிக்கச் செய்முறைகளில் 'சில்லித் தூள் 4 மேசைக்கரண்டி' என்று இருக்கும். அது உறைப்புக் குறைந்த மிளகாயோடு சீரகம், ஒறிகானோ, உள்ளித் தூள் கலந்த கலவை. எங்கள் மிளகாய்த் தூளில் அந்த அளவைப் போட்டால் வாயில் வைக்க முடியாது. செத்தலைக் கீறி விதையையும் உள் நரம்பையும் எடுத்துவிடுங்கள். உறைப்பு அதிகம் தங்குவது அந்த நரம்பில்தான். பிறகு சுடுநீரில் 20 நிமிடம் ஊறவைத்து அரைத்தால் நிறம் நிற்கும், உறைப்பு அடங்கும். ஒறிகானோவுக்குப் பதில் முற்றத்துக் கற்பூரவள்ளி போதும், வாசம் கிட்டத்தட்ட ஒன்றுதான். வீட்டுக் கறித்தூளை மட்டும் போடவேண்டாம். மல்லியும் பெருஞ்சீரகமும் வெந்தயமும் சேர்ந்தால் அது கறியாகிவிடும்.

மாட்டிறைச்சி

சுவையில் இதற்கு நிகரில்லை. சில்லியின் பிறந்த வீடான அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 1977இல் அந்தச் சில்லியையே மாநில உணவாக அறிவித்தார்கள். பழைய முறைக்காரர் அவரை வகை எதையும் உள்ளே விடமாட்டார்கள்.

ஒரு கிலோ கால் இறைச்சி, சவ்வோடு வேண்டும். சவ்வில்லாத நல்ல துண்டைக் கேட்டு வாங்குவது இதற்குக் காசைக் கரியாக்கும் வேலை, காய்ந்து நாராகும். அரை அங்குலத் துண்டாக வெட்டி, துணியால் ஈரம் ஒற்றி, தாச்சியில் மூன்று தடவையாகப் பிரித்து வதக்குங்கள். முழுவதையும் ஒன்றாகக் கொட்டினால் தண்ணீர் விட்டு, சிவக்காமல் சாம்பல் நிறத்தில் அவியும். அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் வைத்தாலும் அந்த வாசம் வராது. விறகடுப்பில் மெல்லிய சூட்டில் இரண்டு முதல் இரண்டரை மணி நேரம், குக்கரில் 35 முதல் 40 நிமிடம்.

மாடு சாப்பிடாத வீட்டில் ஆட்டுக் கழுத்தும் காலும் நன்றாக வரும், ஒன்றரை மணி நேரம் போதும். புரொய்லர் கோழி வேண்டாம், கரைந்து போகும்.

சோயா மீற்

வன்னியில் எந்தச் சின்னக் கடையிலும் கிடைக்கும், வெள்ளிக்கிழமைக்கும் பிரச்சினையில்லை. 150 கிராம் காணும். பையில் வரும் தூள் பைக்கற்றைத் தூக்கி வையுங்கள், உப்பு மிகக் கூட.

கொதிநீரில் உப்புப் போட்டு 10 நிமிடம் ஊறவிட்டு, பிழிந்து, புதுத் தண்ணீரில் இன்னொரு தடவை பிழியவேண்டும். இந்த இரண்டாம் பிழிவை விட்டால் பச்சைச் சோயா மணம் குழம்பில் இறங்கிவிடும். கையில் இறுக்கிப் பிடித்தால் ஒரு சொட்டும் வரக்கூடாது. ஈரமிருந்தால் எண்ணெயில் சிவக்காது. பொரித்ததைக் கடைசி 20 நிமிடத்தில்தான் சட்டிக்குள் போடவேண்டும்.

கொழுப்பு எடுத்த சோயா மாவில் செய்வதால் இதில் எண்ணெய்ப் பசை கிட்டத்தட்ட இல்லை. 4 மேசைக்கரண்டி நல்லெண்ணெயும், வறுத்து அரைத்த கச்சான் 50 கிராமும் அந்தக் குறையைத் தீர்க்கும். முல்லைத்தீவுக் கச்சான் என்றால் இன்னும் நல்லது.

கௌப்பி

தனியாகப் போட்டாலும் சில்லிக்கு உரிய தடிப்பைத் தருவது இதுதான். 250 கிராமை 8 மணி நேரம் ஊறவைத்து, அவித்து, மூன்றில் ஒரு பங்கை அகப்பையால் மசித்துச் சேருங்கள். சவ்வு செய்யும் வேலையை அந்த மசியல் செய்யும்.

கௌப்பி அவியாமல் கல்லாக நிற்பதற்கு இரண்டு காரணம். ஒன்று, தக்காளியை முதலிலேயே போடுவது. புளிப்புத் தோலை இறுக்கும், ஆகவே நன்றாக அவிந்த பிறகே தக்காளி. மற்றது கிணற்றுத் தண்ணீர். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படியும் தண்ணீரென்றால் அதிலுள்ள கல்சியம் பருப்பை இறுகச் செய்யும். மழைத் தண்ணீரில் அவியுங்கள், அல்லது கால் தேக்கரண்டி அப்பச்சோடா. அதற்கு மேல் போட்டால் சவர்க்காரச் சுவை வரும்.

கடையில் வாங்கும் சிவப்பு அவரையை (சிறுநீரக வடிவம்) இதே மாதிரி நினைக்கக் கூடாது. அதில் இயற்கையான நஞ்சுண்டு. ஊறிய தண்ணீரை ஊற்றிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடம் தளதளவென்று கொதிக்கவேண்டும். மெல்லிய சூட்டில் வைத்தால் வாந்தி, வயிற்றோட்டம் வரும்.

பலாக்காய் பார்வைக்கு இறைச்சி மாதிரி, புரதம் மிகக் குறைவு. பக்கத்துக் கறியாக வைக்கலாம்.

எதை எடுப்பது

மரக்கறிக்கு சோயாவையும் கௌப்பியையும் சேர்த்துப் போடுவதே நல்லது: சோயா 75 கிராம், கௌப்பி 150 கிராம். ஒன்று கடிக்க, மற்றது தடிக்க. சிவந்த வாசத்துக்கு வெங்காயத்தை அவசரப்படாமல் 20 நிமிடம், கடும் மண்ணிறம் வரும் வரை வதக்கி, சோயா சோஸ் ஒரு மேசைக்கரண்டி விடுங்கள். நல்லெண்ணெயும் கச்சானும் இதற்கும் அதே அளவு. இறைச்சிச் சில்லி நீர்த்திருந்தால் வறுத்த சோளன் மா 2 மேசைக்கரண்டியைக் குளிர்நீரில் கரைத்து ஊற்றி, 10 நிமிடம் கொதிக்க விடவேண்டும். மாவைச் சூட்டில் நேரே தூவினால் கட்டி பிடிக்கும்.

இறைச்சிச் சில்லி அடுத்த நாள் பாணோடு இன்னும் சுவை. சோயா போட்டது இரவோடு குழம்பை உறிஞ்சி இறுகி நிற்கும். சூடாக்கும்போது ஒரு கோப்பை சுடுநீரும் ஒரு நுள்ளு உப்பும் சேர்த்து அடியிலிருந்து கிளறவேண்டும், கச்சான் அடிப்பிடிக்கும்.