பரேலா, தெருமுனை கிளினிக்கா, மகாலட்சுமியா?

மும்பை மாட்டுங்காவில் நாய் வளர்ப்பவர்களுக்கு மழைக்காலம் வந்தால் ஒரே பேச்சுதான்: உண்ணி. காது மடலுக்குள்ளும் விரலிடுக்கிலும் மிளகு மிளகாக ஒட்டிக்கொண்டிருக்கும். போன மழைக்கு எங்கள் மணி இரண்டு நாள் தட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எங்கே காட்டுவது என்பதில் எங்கள் கட்டடத்தில் ஆளுக்கொரு கட்சி.

முதலில் தெருமுனை கிளினிக்குக்குத்தான் போனோம். நடக்கிற தூரம், இரவு ஒன்பதுக்கும் விளக்கு எரியும், நாயை ஏற்றச் சொல்லி டாக்சிக்காரரிடம் கெஞ்ச வேண்டியதில்லை. இரண்டு ஊசி போட்டார்கள். என்ன மருந்து என்று கேட்டேன். "காய்ச்சலுக்கு" என்றார் டாக்டர். மாத்திரைகள் பெயரில்லாத காகிதப் பொட்டலத்தில் வந்தன. அன்றிரவே மணி எழுந்து சாப்பிட்டது. கிண்ணம் கிண்ணமாகத் தண்ணீர் குடித்தது, கூடமெல்லாம் சிறுநீர் கழித்தது. குணமாகிவிட்டதென்று மகிழ்ந்தோம். மூன்றாம் நாள் மூக்கில் ரத்தம் வந்தது.

அலுவலகத்துக்கு அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டுப் பரேலுக்கு ஓடினோம். ஆலை அதிபர் தின்ஷா பெட்டிட்டின் மனைவி சகர்பாய் பெயரில் உள்ள பழைய மருத்துவமனை அது. 1874இல் பிறந்த விலங்கு வதைத் தடுப்புச் சங்கம் நடத்துகிறது. 1886இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியும் அதே வளாகத்தில்தான். அங்கே நாய் ஒன்றும் பெரிய மனிதர் இல்லை. மாடும் குதிரையும்கூட நோயாளிகள்தாம்.

ஊசியைத் தொடுமுன் ரத்தம் எடுத்தார்கள். ஈறு வெளுத்திருந்தது, ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்திருந்தன: எர்லிக்கியா என்ற உண்ணிக் காய்ச்சல். உண்ணி பரப்பும் இன்னொரு நோயான பபேசியாவும் வெளிப்பார்வைக்கு ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும், ஆனால் அதற்கு மருந்து வேறு. பரிசோதிக்காமல் போடும் ஊசி, குருட்டுக் கல்லெறி. முதல் நாள் அசுரப் பசியையும் தாகத்தையும் சொன்னதும், "ஸ்டீராய்டு போட்டிருப்பார்கள்" என்றார் அங்கிருந்த பெண் டாக்டர். அது நாயைத் தெம்பாகக் காட்டும், நோயை ஒன்றும் செய்யாது. டாக்சிசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மாத்திரையை 28 நாளுக்கு எழுதிக் கொடுத்தார். இரண்டு நாளில் காய்ச்சல் விட்டாலும் நிறுத்தக் கூடாதாம். மாத்திரையைத் தயிர்சாதத்தில் ஒளித்துக் கொடுக்கவும் கூடாதாம், பாலின் சுண்ணாம்புச் சத்து மருந்தை உடம்பில் சேரவிடாது. எங்கள் வீட்டில் மாத்திரைக்கு வேறு ஒளிவிடம் எது! கடைசியில் இட்லிதான் கைகொடுத்தது.

மகாலட்சுமியில் 2024இல் டாடா அறக்கட்டளை திறந்த ஐந்து மாடி மருத்துவமனைக்குத்தான் நேரே போக வேண்டும் என்பது மூன்றாம் மாடிக்காரர் கட்சி. வண்டியில் அடிபட்டாலோ, ஸ்கேன், தீவிர சிகிச்சை என்று தேவைப்பட்டாலோ நானும் அங்கேதான் போவேன். உண்ணிக் காய்ச்சலுக்கு அவ்வளவு பெரிய கட்டடம் வேண்டாம், ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்துப் பார்க்க ஓர் ஆள் போதும். வீட்டுக்கே வரும் டாக்டர், கூடையைக் கண்டாலே கட்டிலடியில் பதுங்கும் பூனைகளுக்கு வரப்பிரசாதம். ரத்தப்போக்கு என்றால் அவருக்காகக் காத்திருக்கக் கூடாது.

தடுப்பூசிக்கு இப்போதும் அதே தெருமுனை கிளினிக்குத்தான் போகிறோம். எலிக்காய்ச்சல் ஊசியை மழைக்கு முன் போட்டாக வேண்டும், அதற்குப் பரேல் வரை அலைவானேன்? ஆனால் குப்பியின் பெயரை நான் நோட்டில் எழுதி முடிக்கும்வரை மணியை மேசையில் ஏற்றுவதில்லை. டாக்டர் முகம் சுளிக்கிறார், சுளிக்கட்டும்.