டபிள் கப் உயர்த்தக் கொடுப்பவர்களுக்கு: இரண்டு இஞ்சிக் கட்டை வைத்தால் வாகனம் இரண்டு இஞ்சி மட்டும் உயராது

முல்லைத்தீவு மாவட்டத்து முத்தையன்கட்டுப் பக்கம் வயல் செய்யும் ஒருவர் தன் ரொயோட்டா ஹைலக்ஸ் வீகோ டபிள் கப்பை (இரண்டு வரிசை இருக்கையுள்ள பிக்கப்) உயர்த்தக் கொடுத்தார். மாரியில் வாய்க்கால் மேவிப் பாயும் பாதை, குளக்கட்டு, பின்னுக்கு நெல் மூட்டை. தேவை நியாயமானதுதான். கேட்டது இரண்டு இஞ்சி. வாகனம் கைக்கு வந்த நாளிலிருந்து ஸ்டியரிங்கை வெட்டினால் அது தானாக நேருக்கு வரவில்லை. பள்ளத்தில் சில்லு இறங்கும்போதெல்லாம் பக்கவாட்டில் இழுத்தது. முன்பு ஒரே வெட்டில் திரும்பிய ஒழுங்கையில் இரண்டு தரம் றிவேர்ஸ் எடுக்கவேண்டி வந்தது. திருப்பிக் கொண்டுபோனால் முதலில் அலைன்மென்ற் என்று காசு எடுத்தார்கள், பிறகு ஸ்டியரிங் ரக் (ஸ்டியரிங்கின் சுற்றைச் சில்லைத் திருப்பும் தள்ளலாக மாற்றும் பகுதி) முடிந்துவிட்டது என்று ரீகண்டிசன் ரக் ஒன்றை மாட்டினார்கள். குறை அப்படியே இருந்தது, ஏனென்றால் குறை ரக்கில் இல்லை. பட்டறையின் பெயர் இங்கே வராது. செய்த வேலை என்னவென்று தெரிந்தால் எந்தப் பட்டறையிலும் அதைப் பிடித்துவிடலாம்.

முன் ஷொக்கின் தலைக்கு மேல் லேத்தில் கடைந்த 50 மில்லிமீற்றர் அலுமினியக் கட்டை வைத்திருந்தார்கள். இரண்டு இஞ்சி கேட்டார், இரண்டு இஞ்சிக் கட்டை வைத்தோம் என்பது அவர்கள் கணக்கு. இங்கேதான் எல்லாம் பிழைத்தது. வீகோவில் ஷொக்கும் கொயில் ஸ்பிறிங்கும் சில்லில் நேராக நிற்பதில்லை, சில்லைச் சேசியோடு இணைக்கும் கீழ்க் கையான லோவர் ஆமின் நடுப்பகுதியில் நிற்கின்றன. அதனால் மேலே வைக்கும் கட்டையின் ஏறக்குறைய இரு மடங்கு உயரம் சில்லில் வரும். இரண்டு இஞ்சி உயர 25 மில்லிமீற்றர் கட்டையே போதும். இந்த வாகனம் முன்பக்கம் 93 மில்லிமீற்றர் உயர்ந்து நின்றது.

அவ்வளவு உயர்ந்தால் ஆம்கள் கீழ்நோக்கித் தொங்கும். மேல் போல் ஜொயின்ற் (மேல் ஆமும் சில்லும் சேரும் உருண்டை மூட்டு) முன்னுக்கு நகரும், காஸ்டர் குறையும். சைக்கிளின் முன் போர்க் சாய்ந்து நிற்பது கையை விட்டாலும் சைக்கிள் நேரே ஓட உதவுகிறது. அதே சாய்வுதான் வாகனத்தில் காஸ்டர். அது போனால் ஸ்டியரிங் திரும்பி வராது, ஏ-9 வீதியில் 70இல் போகும்போது கை ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்கவேண்டும். லோவர் ஆமின் கேம் போல்ற்றைத் திருப்பிக் காஸ்டரைச் சரிசெய்யலாம், ஆனால் 93 மில்லிமீற்றருக்கு அந்தப் போல்ற்றின் எல்லை போதாது. காஸ்டரை மீட்கத் திருத்திய கோணமுள்ள அப்பர் ஆம் வேண்டும். அவர்கள் நூல் பிடித்து டோவை (மேலிருந்து பார்த்தால் முன் சில்லுகள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு) மட்டும் சரிசெய்து, அதற்கு அலைன்மென்ற் என்று பில் போட்டிருந்தார்கள்.

ரக்கிலிருந்து சில்லைத் தள்ளித் திருப்பும் கம்பியான ரை ரொட்டும் சரிந்துவிட்டது. ரை ரொட்டும் லோவர் ஆமும் ஏறக்குறைய ஒரே வளைவில் ஆடினால்தான் சில்லு ஏறி இறங்கும்போது டோ மாறாது. இரண்டும் அளவுக்கு மீறிச் சரிந்து அந்த வளைவுகள் பொருந்தாமல் போனால், ஸ்டியரிங்கைத் தொடாமலே பள்ளம் சில்லைத் திருப்பும். இரவில் மாடு குறுக்கே வந்து, பிறேக்கை அழுத்திக்கொண்டே வெட்டும் நேரத்தில் இது ஆளைக் கொல்லும்.

ஒழுங்கையில் ஒரே வெட்டில் திரும்பாத குறைக்குக் காரணம் வேறு. 265/70 ஆர் 16 ரயரைக் கழற்றி 285/75 ஆர் 16 போட்டிருந்தார்கள். விட்டம் 777 மில்லிமீற்றரிலிருந்து 834 ஆகிறது. முழு வெட்டில் அது உள் மட்காட்டிலும் பொடி மவுண்டிலும் (கபினைச் சேசியில் தாங்கும் இடம்) உரசும். உரசல் தெரியாமலிருக்க ரக்கும் ரை ரொட்டும் சேரும் மூட்டான ரக் எண்டுக்குள் இரண்டு பக்கமும் 6 மில்லிமீற்றர் வாஷர் போட்டு ரக்கின் ஓட்டத்தையே குறைத்துவிட்டார்கள், சொல்லாமலே. சில்லின் வெட்டுக் கோணம் இரண்டு மூன்று பாகை குறைந்தாலே திரும்பும் வட்டத்தின் விட்டம் ஏறக்குறைய ஒரு மீற்றர் கூடும். குளக்கட்டில் ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் சரிவு. அங்கே ஒரு மீற்றர் என்ன விலை என்பது ஓடுகிறவருக்குத் தெரியும்.

இந்த வாஷரைக் கண்டுபிடிப்பது சுலபம். உயர்த்தக் கொடுக்குமுன் ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை சுற்றி எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிவையுங்கள். நடுவிலிருந்து இடம் எவ்வளவு, வலம் எவ்வளவு என்றும் தனியாக எழுதுங்கள். வாகனம் வந்ததும் மறுபடி எண்ணுங்கள். குறைந்திருந்தால் உள்ளே ஏதோ வைத்திருக்கிறார்கள். உயரத்தை அளக்க சில்லின் மையத்திலிருந்து மட்காட் விளிம்புவரை நாடா பிடியுங்கள், நாலு சில்லுக்கும், முன்னும் பின்னும். பெரிய ரயர் போட்டாலும் இந்த அளவு மாறாது, லிஃப்ட் மட்டுந்தான் தெரியும். அலைன்மென்ற்றுக்கு அச்சிட்ட தாள் கேளுங்கள். காஸ்டர், கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் சில்லு சாய்ந்து நிற்கும் கோணம்), டோ மூன்றும், செய்யுமுன்னும் செய்தபின்னும், இரு பக்கத்துக்கும் அதில் இருக்கவேண்டும். தாள் இல்லையென்றால் அலைன்மென்ற் செய்யவில்லை என்றே கொள்ளுங்கள்.

முன் சில்லை ஜக்கில் தூக்கி, தொங்கவிட்டபடி முழுதாக வெட்டிப் பாருங்கள். பிறேக் ஹோஸும் ஏ.பி.எஸ். வயரும் இறுகி நிற்கக்கூடாது. சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் போல் ஜொயின்ற் ஆட்டம் தெரியும், இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் ரை ரொட்.

கொயில் ஸ்பிறிங்குக்குப் பதிலாக டோர்ஷன் பார் (முறுகித் தாங்கும் கம்பி) உள்ள பழைய மிற்சுபிசி எல்200, முதல் இசுசு டி-மக்ஸ் போன்றவற்றில் கட்டையே தேவையில்லை, போல்ற்றை முறுக்கினாலே உயரும். பத்து நிமிட வேலை. அதற்கு லிஃப்ட் கிற் விலை கொடுக்காதீர்கள். முறுக்கி ஏற்றினாலும் ஆம்கள் இதே மாதிரித்தான் தொங்கும்.

பின்பக்கம் லீவ்ஸுக்கும் (பட்டை ஸ்பிறிங்) அக்சிலுக்கும் இடையில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கட்டை வைக்க எந்தக் காரணத்துக்கும் இடங்கொடுக்காதீர்கள். பாரத்துக்கேற்ப பின் பிறேக்கைக் கட்டுப்படுத்தும் வால்வு இருந்தால் அதன் தண்டுக்கும் பிராக்கெற் போட்டு உயரத்தைச் சரிசெய்யவேண்டும். இல்லாவிட்டால் மூட்டை ஏற்றிய வாகனத்தையும் வெறும் வாகனம் என்று வால்வு நினைத்து, பின் பிறேக்கைக் குறைத்துவிடும்.

இன்னொன்று. 4 எச்சில் (நாலு சில்லும் இழுக்கும் நிலை) போட்டபடி தார் ரோட்டில் ஏறினால் வீகோ போன்ற வாகனம் திரும்ப மறுக்கும், இறுகித் துள்ளும். முன் அக்சிலும் பின் அக்சிலும் ஒன்றோடொன்று பூட்டப்பட்டிருப்பதால் வருவது அது. 2 எச்சுக்கு (பின் சில்லு மட்டும் இழுக்கும் நிலை) மாற்றிப் பார்க்காமல் ஸ்டியரிங்கைக் கழற்றக் கொடுக்காதீர்கள்.

அந்த வீகோவில் 50 மில்லிமீற்றர் கட்டையைக் கழற்றி, 40 மில்லிமீற்றர் ஏறும் ஸ்பிறிங்கும் அதற்குப் பொருந்தும் ஷொக்கும் அப்பர் ஆமும் போட்டு, வாஷர்களை எடுத்து, பழைய அளவு ரயரையே மாட்டியதும் ஸ்டியரிங் வழமைக்கு வந்தது. அதற்குள் வெளி சி.வி. பூட் (முன் அக்சில் மூட்டை மூடும் றப்பர் உறை) இரண்டும் கிழிந்து மண் ஏறிவிட்டது, இடது ரக் எண்டும் மேல் போல் ஜொயின்ற் இரண்டும் தேய்ந்துவிட்டன. அவருடைய சொந்த ரக்கைத் திருப்பிக் கேட்டபோது இல்லை என்றார்கள். எதைக் கழற்றினாலும் பழைய சாமானைக் கையோடு வாங்கிக்கொண்டு வாருங்கள்.