மேல்மாடியில் முள்ளந்தண்டு வைத்தியம்

ஆறு வருடத்துக்குப் பிறகு திருகோணமலை போய்வந்தேன். கோணேசர் கோயில், கன்னியா, நிலாவெளி எல்லாம் வழக்கம்போலத்தான். படம் கேட்பவர்களுக்குத் தனியாக அனுப்புகிறேன். நான் எழுத வந்தது 23 படிகளைப் பற்றி.

அத்தான் மூன்று வருடத்துக்கு முன்பு ஓடு மாற்றக் கூரையில் ஏறி விழுந்தவர். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. வெளிநாட்டுத் தனியார் சிகிச்சை நிலையம் ஒன்றின் முகவர்கள் நகரத்து மண்டபமொன்றில் இலவச ஆலோசனை வைக்கிறார்களாம், ஸ்டெம் செல்லையும் (வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல்) அழற்சி எதிர்ப்பு மருந்தையும் சேர்த்து ஏற்றினால் எழும்பி நடக்கலாமாம் என்று அக்கா வட்சப்பில் துண்டுப்பிரசுரம் அனுப்பியிருந்தாள். சரி, நான் வந்து கூட்டிப்போகிறேன் என்றேன்.

போய்ப் பார்த்தால் ஆலோசனை மேல்மாடியில். லிஃப்ட் இல்லை, சாய்தளமும் இல்லை. முள்ளந்தண்டு அடிபட்டவர்களை அழைத்துவிட்டு மேல்மாடி! வாசலில் சக்கர நாற்காலிகள் நான்கு வெயிலில் காய்கின்றன. டொரொண்டோவில் கோப்பிக்கடைக் கதவுக்கே பொத்தான் இருக்கிறது என்று நான் கத்த, "இங்க நிண்டு கனடாக் கதை கதைக்காதை" என்றாள் அக்கா. கடைசியில் இரண்டு ஓட்டோக்காரத் தம்பிமார் அத்தானைப் பிளாஸ்டிக் கதிரையில் இருத்தித் தூக்கினார்கள். பதினேழாவது படியில் கதிரைக்கால் ஒன்று வளைந்தது. எனக்கு உயிர் போய்வந்தது. அத்தான் மட்டும் சிரித்தபடி, "பிள்ளை, இன்னொருக்கா விழுந்தா இவையள் ரெண்டு ஊசியா போடுவினம்" என்றார். காசு நீட்டினேன், தம்பிமார் வாங்கவில்லை. கனடாவில் இப்படி யார் தூக்குவார்கள் என்று அப்போது தோன்றியதையும் சொல்லத்தான் வேண்டும்.

மேலே கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர் திரையில் படம் காட்டினார். அத்தானின் எம்.ஆர்.ஐ. உறையைத் திறக்கவில்லை. எப்போது விழுந்தவர் என்றுகூடக் கேட்கவில்லை. 40 இலட்சம் ரூபாய், பாதி முற்பணம்.

இரண்டு நாள் கழித்து அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக். விடியவே நம்பர் எடுக்கிற வரிசை உங்களுக்குத் தெரியும். ஆனால் அந்த இளம் டொக்டர் முதலில் கேட்டதே "விழுந்து எவ்வளவு காலம்?" என்றுதான். பிறகு பழைய துண்டொன்றின் பின்பக்கத்தில் கீறிக் காட்டினார். அடிபட்டவுடன் நரம்புவடத்தில் வருகிற வீக்கமும் அழற்சியும் முதல் காயத்தைச் சுற்றியும் சேதத்தைப் பரப்பும். அந்த நெருப்புக்குள் ஸ்டெம் செல்லை வைத்தால் பெரும்பாலானவை செத்துவிடும், தப்புவதில் பல நரம்பணுவாகாமல், நரம்பணுவைத் தாங்குகிற துணைச் செல்லாகிவிடும். அதனால்தான் செல்லையும் அழற்சி எதிர்ப்பு மருந்தையும் சேர்த்துப் பார்க்கிறார்கள், அதுவும் அனேகமாக எலிகளில். அழற்சி எதிர்ப்பு மருந்து மட்டும் என்றாலும் சிக்கல்தான். அடிபட்டு எட்டு மணித்தியாலத்துக்குள் மெதைல்பிரெட்னிசலோன் என்ற அப்படியொரு மருந்தைப் பெருமளவில் கொடுத்தால் பயன் என்று 1990 இல் ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. கிருமித்தொற்று, வயிற்றில் இரத்தக்கசிவு என்று பிரச்சினைகள் வர, 2013 இல் அமெரிக்க நரம்பியல் அறுவை நிபுணர்களின் வழிகாட்டி அதை வேண்டாம் என்றது. ஜப்பானின் கேயோ பல்கலைக்கழகம் செல் வைத்த நான்கு பேருமே அடிபட்டு 14 முதல் 28 நாளுக்குள் இருந்தவர்கள். அவர்களில் ஒருவர் தானாக எழுந்து நின்றதாக 2025 இல் அறிவித்தார்கள். "மூன்று வருசக் காயம் வேற கதை, அங்க வடு இறுகிப்போயிருக்கும்" என்றார்.

கனடாவில் இப்படி ஒரு விளக்கத்துக்கு நான் மாதக்கணக்கில் காத்திருந்திருப்பேன்.

பிறகு அத்தானைத் திருப்பிப் பார்த்தார். வால் எலும்புக்கு மேலே சிவப்பாக ஓர் இடம். எங்கள் ஒருவர் கண்ணிலும் படவில்லை. படுக்கைப் புண் தொடங்குகிறது, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் திருப்பிப் படுக்க வையுங்கள், நல்ல குஷன் வாங்குங்கள் என்றார். அன்றே கடைத்தெருவெல்லாம் அலைந்து வாங்கினோம்.

முகவர் இன்னும் வட்சப்பில் அழைக்கிறார். அடுத்த ஆலோசனை மட்டக்களப்பிலாம். எத்தனையாம் மாடி என்று கேட்டேன், பதில் இல்லை.