கூட்டம் வந்தால் போதுமா? அவுகாவும் ஓகாலும்

ஜப்பானின் வடகிழக்கில் இரண்டு கட்டடங்கள். இரண்டிலும் பொது நூலகம், சந்தை, கடைகள். இரண்டுமே ரயில் நிலையத்தை ஒட்டியவை. அவோமோரி நகரத்தின் அவுகா கடனில் மூழ்கியது. ஷிவா ஊரின் ஓகால் பிளாசாவையோ வெளியூர் நகராட்சிக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

அவுகா 2001இல் திறந்தது. அவோமோரியில் பனி கொட்டித் தீர்க்கும். ஊர் விரிய விரிய, தெருப்பனியை அள்ளும் செலவும் ஏறியது. மக்களை நகர மையத்துக்கே இழுத்தால் அந்தச் செலவு குறையும் என்று நினைத்தார்கள். அந்த நினைப்பில் தவறில்லை. சுமார் 1,850 கோடி யென்னில் 9 மாடி எழுந்தது: அடித்தளத்தில் மீனும் காய்கறியும் விற்கும் சந்தை, முதல் 4 தளங்களில் துணிமணிக் கடைகள், அதற்கு மேலே நூலகமும் பொது வசதிகளும். கூட்டத்துக்குக் குறைவே இல்லை, வருடத்துக்குச் சுமார் 60 லட்சம் பேர். ஆனால் பள்ளிப் பிள்ளைகள் லிஃப்டில் ஏறி, படித்து முடித்து, அதே லிஃப்டில் இறங்கி ரயிலைப் பிடித்தால் நாலாம் மாடிக் கடைக்காரருக்கு என்ன கிடைக்கும்? முதல் வருட விற்பனை எதிர்பார்த்ததில் பாதியைக்கூடத் தொடவில்லை. நடத்தியது நகராட்சியும் பங்கு வைத்திருந்த நிறுவனம், அதனால் அடி கடைசியில் நகராட்சிக்கே விழுந்தது. 2016இல் மேயர் பதவி விலகினார், 2017இல் கடைத் தளங்கள் மூடின, 2018இல் அங்கே நகராட்சி அலுவலகம் குடியேறியது. அடித்தளச் சந்தை மட்டும் தாக்குப்பிடித்தது.

ஷிவாவில் சுமார் 33,000 பேர்தான். நிலையத்துக்கு எதிரே 10.7 ஹெக்டேரை 1998இல் ஏறத்தாழ 285 கோடி யென்னுக்கு வாங்கிப்போட்ட நகராட்சியிடம், கட்டப் பணமில்லை. பத்து வருடத்துக்கும் மேலாக அள்ளிய பனியைக் கொட்டத்தான் அந்த இடம் பயன்பட்டது. "ஜப்பானிலேயே விலை உயர்ந்த பனிக்கிடங்கு" என்று கிண்டல் வேறு. அப்புறம் உள்ளூர்க்காரரான ஒகஸாகி மசனோபு கணக்கைத் தலைகீழாகப் போட்டார். முதலில் வாடகைக்கு வருவோரைப் பிடித்தார்கள். அவர்களால் எவ்வளவு தர முடியும் என்று பார்த்து, அந்த வாடகைக்குள் அடங்கும் செலவில் கட்டடத்தை வரைந்தார்கள். விளைவு, 2012இல் திறந்த இரண்டு மாடி மரக் கட்டடம். நூலகப் பகுதியை நகராட்சி விலைக்கு வாங்கிக்கொண்டது, தனியார் பகுதி நிலவாடகை கட்டுகிறது. காய்கறிக் கடையில் "இதைச் சமைக்க இந்தப் புத்தகம்" என்று நூலகம் சின்ன அட்டைகள் வைப்பதுண்டு. மாடிகளுக்கு இடையே அவுகாவில் அறுந்துபோன தொடர்பு இதுதான்.

சரி, அப்படியானால் எல்லா ஊருக்கும் ஓகாலா? ஷிவாவில் இருந்தது காலி நிலம், ஒரே சொந்தக்காரர். பழைய கடைவீதியில் ஒவ்வொரு கடைக்கும் ஒரு சொந்தக்காரர் இருப்பார். அங்கே நான் தகமாட்சு நகரத்தின் மருகமேமாச்சி வீதியைத்தான் பார்ப்பேன். உரிமையாளர்கள் நிலத்தை விற்காமல் சுமார் 60 வருடக் குத்தகைக்கு விட்டார்கள். எல்லோருக்கும் பொதுவான நிறுவனம் ஒன்று கடைகளை மொத்தமாக நிர்வகிக்கிறது. விற்பனை குறைந்தால் உரிமையாளர் வருமானமும் குறையும், ஆகவே கடை ஓடவேண்டும் என்ற கவலை அவர்களுக்கும் உண்டு. கடைகளுக்கு மேலே வீடுகள். பேச்சு தொடங்கியது 1990 வாக்கில், முதல் கட்டடம் முடிந்தது 2006இல். நாலு வருடப் பதவிக்காலம் உள்ள மேயருக்கு இந்த வழி ருசிக்குமா என்பது சந்தேகம்தான்.