காரைக்குடியில் ஒரு வாடகைப் புத்தகக் கடை

செக்காலை ரோட்டை ஒட்டிய சந்தில், ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடி. பலகை எதுவும் கிடையாது. கீழே கேட்டால் கையை மேலே காட்டுவார்கள். முன்பணம் 300 ரூபாய், ஒரு புத்தகத்துக்கு வாரம் 20. கடைக்காரர் ரசீது தரமாட்டார், நீள நோட்டில் எழுதிக்கொள்வார். இது எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. மின்விசிறி ஒன்றுதான், அதுவும் அவர் தலைக்கு மேல்.

கல்லல் பக்கம் அரசுப் பள்ளியில் தமிழ் சொல்லித்தருகிறேன். அறுப்பு முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போட வருகிறவர்களோடு சில பையன்களும் வருவார்கள். யாரென்று கேட்டால் "மாமாகூட வந்திருக்கேன்" என்பான். எந்த மாமா, எந்த ஊர் என்றால் பதில் வராது. முன்பணத்துக்குப் பிள்ளையை அனுப்பிவைப்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். ஆள் கடத்தலைப் பற்றி வகுப்பில் பேசக் கதைகள் தேடித்தான் இந்தக் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தூக்கிட்டுப் போறவனைப் பத்தி நெறைய இருக்கு டீச்சர். அனுப்பிவச்ச வீட்டைப் பத்திக் கம்மி." மூன்றை எடுத்து வைத்தார்.

முதலாவது பாக்கெட் நாவல். பெண்ணைக் காரில் ஏற்றுகிறார்கள், பம்பாய், கடைசி அத்தியாயத்தில் இன்ஸ்பெக்டர். அம்மா ஸ்டேஷனில் அழுவதோடு சரி. பஸ்ஸில் போகும்போது படிக்கலாம்.

இரண்டாவது 'எரியும் பனிக்காடு'. தேயிலைத் தோட்டத்தில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதியதை இரா. முருகவேள் தமிழுக்குக் கொண்டுவந்திருக்கிறார். திருநெல்வேலிச் சீமைக் கருப்பனும் வள்ளியும் தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரி பேச்சை நம்பி, முன்பணம் வாங்கிக்கொண்டு வால்பாறை மலைக்குப் போகிறார்கள். யாரும் கையைக் கட்டி இழுக்கவில்லை. அவர்களே மூட்டை கட்டுகிறார்கள், எனக்கு அதுதான் தாங்கவில்லை. ஒரு பகுதியை வகுப்பில் வாசித்தேன். பின்பெஞ்சுப் பையன் ஒருவன், "எங்க பாட்டையாவோட அப்பாவ மலேயாவுக்குக் கூட்டிட்டுப் போன கங்காணி மாதிரியா டீச்சர்?" என்றான். அதே மாதிரிதான். மலேயாவுக்குக் கூலி ஆள் அனுப்புவதை 1938இல் அரசு நிறுத்தும்வரை அது நடந்தது. பணம் காட்டி அழைத்தவன் பெரும்பாலும் தெரிந்த ஆள், சொந்த ஊர்க்காரன்.

மூன்றாவது, அட்டையும் முன்பக்கங்களும் போன சிறுகதைத் தொகுப்பு. யார் எழுதியது என்று கடைக்காரருக்கும் தெரியாது. ஒரு கதையில் நூல் மில்லுக்கு மூன்று வருட ஒப்பந்தத்தில் மகளை அனுப்புகிறார்கள், முடிவில் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று. வரப்போகும் பணத்தை நம்பி அப்பா வீட்டுக்குத் தளம் போட்டுவிடுகிறார். மகள் இருமிக்கொண்டு பாதியில் திரும்புகிறாள். அவளை யாரும் திட்டவில்லை. தம்பி மட்டும் காலண்டரைப் பார்த்து, "இன்னும் எட்டு மாசம்தானேக்கா இருந்துச்சு" என்கிறான். அம்மா தட்டில் சோறு வைக்கிறாள், கதை முடிந்தது. நல்லவேளை, போலீஸ் யாரும் வரவில்லை. வந்திருந்தால் இந்தக் கதையும் கெட்டிருக்கும். இந்த ஒரு கதைக்காகவே 300 கட்டலாம்.

ஒரு குறை. இந்த மாதிரிக் கதைகளில், வாங்கிய பணத்தை அடைக்காமல் ஆளைத் திரும்பக் கூப்பிட முடியாது என்றுதான் எல்லோரும் நம்புகிறார்கள். பழைய காலத்துக் கதைக்கு அது பொருந்தும். ஆனால் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976இல். ஆளைக் கொத்தடிமையாக வைத்து வாங்கும் கடனை அது செல்லாததாக்கிவிட்டது. அடைக்க வேண்டியதே இல்லை. எங்கள் பள்ளிக்கு வரும் அப்பாக்களுக்கும் இது தெரியாது. தொகுப்பின் பின்னட்டை உள்பக்கத்தில் அதையும் குழந்தைகளுக்கான 1098 உதவி எண்ணையும் பென்சிலில் எழுதினேன். வாடகைப் புத்தகத்தில் கிறுக்கலாமா என்று கேட்பார் என நினைத்தேன். பேனாவை எடுத்துக் கொடுத்தார், பென்சில் அழிந்துவிடுமாம்.

சிறுவர்களுக்கான புத்தகம் மிகக் குறைவு. புதுப் புத்தகம் எதிர்பார்த்துப் போகாதீர்கள். மதியம் ஒன்றிலிருந்து நான்குவரை பூட்டியிருக்கும். படி செங்குத்து, வயதானவர்கள் ஏற வேண்டாம், கீழிருந்து கூப்பிட்டால் அவரே இறங்கி வருகிறார். அந்த அட்டையில்லாத தொகுப்பு இப்போது என்னிடம்தான் இருக்கிறது. வேண்டுமென்பவர்கள் அடுத்த வாரம் கேட்டுப் பாருங்கள்.